மலைப் பாட்டா, பாப் பாட்டா?

மைக் முன்னால் வந்து நின்ற அந்தப் பெண் உடனே பாடத் தொடங்கவில்லை. மைக்கைத் தன் வாய் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். செல்போனை ஒயரில் சொருகினாள். பிறகு நடுவர்கள் மேஜையைப் பார்த்து, "இது பாப் பாட்டுங்க" என்றாள்.

அரங்கத்தில் சிரிப்பு. அவளுக்கு முன்னால் பாடியவர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. சொல்லும் தேவையும் அவர்களுக்கு இல்லை. ஒரு பையன் அந்த வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இரண்டு பெண்கள் முடியில் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். இவள் சாதாரணச் சுடிதார், தலையில் கனகாம்பரம், காலில் ரப்பர் செருப்பு.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரி. சில வருடங்களுக்கு முன் நடந்த கலைவிழா. மேடைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்ததால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரில் போட்டியின் விதி பெரிய எழுத்தில் இருந்தது: 'பாப் பாடல்கள் மட்டும். சினிமாப் பாடல்களுக்கும் நாட்டுப்புறப் பாடல்களுக்கும் அனுமதி இல்லை.'

நான் நடுவரான கதை சின்னது. இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பகலில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எங்கள் அத்தா வைத்துவிட்டுப் போன, பை தைத்து விற்கும் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிக்கிறேன். கல்லூரியில் கூப்பிட்டது என்னை அல்ல, குழுத் தலைவனும் கீபோர்டு வாசிப்பவனுமான ராஜேந்திரனை. "ஜமீலும் வந்தா வரேன்" என்று அவன் சொன்னதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

எதிலும் சேராத அலமாரி

பாப் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடையில். அது அப்போது கேசட் கடை. பள்ளிவிட்டு வந்ததும் பை தைக்கும் ரெக்சின் வாசனையிலிருந்து தப்பி அங்கே போய் நின்றுகொள்வேன்.

அந்தக் கடையில் சுவர் முழுக்கச் சினிமா. அதற்குக் கீழே பக்தி. அதில் மூன்று மதங்களும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். அடுத்து நாட்டுப்புறம். எல்லாவற்றுக்கும் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு அலமாரி. அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'பாப்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள்.

அந்த அலமாரியில் இங்கிலீஷ் பாட்டு இருக்கும். யாரும் கேள்விப்படாத தமிழ்ப் பையன்கள் கிட்டாரோடு அட்டையில் நிற்பார்கள். உடற்பயிற்சிக்கான இசை இருக்கும். ஒரு தடவை அதில் கோழி வளர்ப்பு பற்றிய கேசட்டைக்கூடப் பார்த்தேன். கடைக்காரருக்கு எதில் சேர்ப்பது என்று தெரியாததெல்லாம் பாப். வாங்க ஆள் வராததெல்லாம் பாப்.

பிற்காலத்தில் யாரோ ஒருவர், பாப் என்பது பாப்புலர் என்ற சொல்லின் சுருக்கம் என்று எனக்கு விளக்கியபோது சிரித்துவிட்டேன். அந்தக் கடையிலேயே ஜனங்கள் தேடாத அலமாரி அது ஒன்றுதான்.

கறுப்புக் கண்ணாடி

ராஜேந்திரனிடம் வேறு விளக்கம் இருந்தது. அது பிறந்த இடம் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கல்யாணம்.

வரவேற்பு நடந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் மேடைக்கு வந்து, "இன்னாங்க, எல்லாம் சினிமாப் பாட்டாவே போய்க்கினு இருக்கு. ஒரு பாப் பாட்டு போடுங்க" என்றான். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. எங்கள் குழுவில் அப்போது இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமாதான்.

ராஜேந்திரன் கொஞ்சமும் தயங்கவில்லை. பாடகனின் சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவன் மூக்கில் மாட்டினான். கீபோர்டில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி டும் டும் என்று ஓடவிட்டான். ஏற்கெனவே பாடி முடித்த அதே சினிமாப் பாட்டை, நடுநடுவே 'யா யா' சேர்த்துப் பாடச் சொன்னான். நண்பர் கூட்டம் மேடைக்கு முன் வந்து ஆடித் தீர்த்தது. போகும்போது அந்தப் பையன் ராஜேந்திரனின் கையைப் பிடித்து, "இதாங்க பாட்டு!" என்றான்.

"பார்த்தியா? கண்ணாடி போட்டா பாப்பு" என்றான் ராஜேந்திரன் வேனில் திரும்பும்போது.

அவனைப் பற்றி இதுவரை கல்யாணக் கதைகளாகவே எழுதிவந்திருக்கிறேன். அவனுடைய இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். கச்சிராயபாளையத்தில் கரும்பு போடுகிற குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் வயலில். இவன் மட்டும் சங்கீதம் என்று கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கும் அறையை வாடகைக்குப் பிடித்து அதை ரெக்கார்டிங் அறை ஆக்கினான். மில் ஓடும்போது தரை அதிரும். மிளகாய் அரைக்கும் நாளில் பாடகிகள் தும்முவார்கள். மில் நிற்கும் மதிய நேரத்தில்தான் அவன் தன் சொந்த மெட்டுகளைப் பதிவு செய்வான். பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவான். அவற்றைக் கேட்டவர்கள் நான், அவன் மனைவி, பிறகு நான். இருபது வருடமாக அப்படித்தான்.

கூட்டமே பாடியது

மறுபடி அரங்கத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பவித்ரா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். பி.காம். கடைசி வருடம், விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்று தொகுப்பாளர் வாசித்தார். போனிலிருந்து தாளம் கிளம்பியது. அவள் பாடினாள்.

"பாறை மேல ஏறி நின்னா டவரு வந்து போவுது
பாதிப் பேச்சு நீ கேட்ட, மீதி நெஞ்சில் வேவுது"

முதல் வரி முடிவதற்குள் அரங்கம் கத்தியது. இரண்டாம் வரியைக் கூட்டமே பாடியது. அந்த வருடம் எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு தெரியாதவர் கிடையாது. ஷேர் ஆட்டோவில் அதுதான். டவுன் பஸ்ஸில் அதுதான். கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரில்கூட அதுதான்.

நான் ராஜேந்திரனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மதிப்பெண் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம், ஊரெல்லாம் ஓடியது எங்கள் பதிவு. ராஜேந்திரன் மாவு மில் மாடியில் செய்தது. பேட் வாசித்தவன் நான். பாடியது எங்கள் குழுப் பாடகி. இணையத்தில் ஏற்றும்போது அவன் போட்ட தலைப்பு: 'கல்வராயன் மலை பாரம்பரிய நாட்டுப்புறப் பாடல்'. கீழே எங்கள் குழுவின் பெயர். இருபது வருட உழைப்பில் முதல் தடவையாக அவனை ஊருக்கு வெளியேயிருந்தும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள் என்றால் அது இந்தப் பாட்டால்தான்.

பவித்ரா பாடியதில் எங்கள் துள்ளல் இல்லை. தாளம் வேகமாகத்தான் இருந்தது. குரல் மட்டும் நின்று நிதானமாக வந்தது. 'அலோ அலோன்னு சொல்லிச் சொல்லி அந்தி சாயுது' என்ற இடத்தில் அவள் குரலைத் தாழ்த்தியபோது, கூடவே பாடிக்கொண்டிருந்த கூட்டம் பாதியில் நிறுத்திக் கேட்டது.

பஜ்ஜித் தட்டும் விதியும்

பாட்டுகள் முடிந்ததும் எங்களை ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப் போய் பஜ்ஜியும் இஞ்சி டீயும் கொடுத்தார்கள். மூன்றாவது நடுவர் அந்தக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியை உமாமகேஸ்வரி. விழாப் பொறுப்பு அவருடையது. விதியை எழுதியதும் அவரே.

"அந்த மலைப் பொண்ணு நல்லாப் பாடிச்சு. ஆனா அது நாட்டுப்புறப் பாட்டு. விதிப்படி எடுக்க முடியாதே" என்றார்.

"எடுக்க முடியாது மேடம்" என்றான் ராஜேந்திரன் உடனே. "மலைப்பாட்டு அது. நாங்களே பாடிக்கினு இருக்கோம்."

நான் ஒரு பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாப்புன்னா இன்னாங்க மேடம்? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கேட்டேன். வம்புக்குக் கேட்கவில்லை. கேசட் கடைக் காலத்திலிருந்து எனக்குப் பதில் கிடைக்காத கேள்வி அது.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிறைய ஜனங்களுக்குப் பிடிக்கிற, நிறைய ஜனங்களுக்காகவே செய்யிற பாட்டு" என்றார்.

"அப்படின்னா சினிமாப் பாட்டுதானே பாப்பு? அதத்தான் வாணாம்னு பேனர்ல போட்டுட்டீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது வேற சார். எல்லாரும் சினிமாவே பாடிடுவாங்கன்னு போட்டோம். நாட்டுப்புறப் பாட்டுக்கு இவர்தான்னு ஆள் கிடையாது, பரம்பரையா வருது. பாப் பாட்டுக்கு ஆள் உண்டு. இன்னார் எழுதினது, இன்னார் பாடினதுன்னு இருக்கும்."

ராஜேந்திரன் வேறு அளவுகோல் வைத்திருந்தான். "கார்டு இருக்கணும் மேடம், மூணு சுரத்த சேத்து அமுக்குறது. கிட்டாரோ கீபோர்டோ, அடியில ஒரு பேஸ் ஓடணும். இது ஒத்த மெட்டு. சாமை குத்தும்போது பாடுற மாதிரி இருக்கு."

"உன் ரெக்கார்டிங்ல கார்டு இருக்குதேடா. அப்ப நீ போட்டது பாப்பு, அந்தப் பொண்ணு பாடினா நாட்டுப்புறமா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

பேராசிரியை டீ கிளாசைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணையே கூப்பிட்டுக் கேட்டுடலாம். எங்க கத்துக்கிட்டான்னு சொன்னா முடிஞ்சுது."

"டவரு எப்பங்க வந்துச்சு?"

பவித்ரா வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"இந்தப் பாட்டை யார்கிட்டம்மா கத்துக்கிட்டே?" என்று கேட்டார் பேராசிரியை.

"யாராண்டயும் இல்லீங்க மேடம். நான் எழுதினது."

"வார்த்தை நீ எழுதியிருக்கலாம். மெட்டு பழசுதானே?" என்றான் ராஜேந்திரன்.

"மெட்டும் என்னுதுதாங்க."

"மலை மெட்டும்மா அது. கேட்டாலே தெரியுது."

அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் மலையில பொறந்தவ சார். என் மெட்டு பின்ன எந்த மெட்டாட்டம் இருக்கும்?"

பிறகு அவளே தொடர்ந்தாள். "பரம்பரைப் பாட்டுன்னு போட்டுக்கினு இருக்காங்க. எங்க ஊர்ப் பக்கம் டவரு எப்பங்க வந்துச்சு? நான் பத்தாவது படிக்கும்போதுதான். எங்க தாத்தன் பாட்டன்லாம் டவரப் பத்தி எப்படிங்க பாடியிருப்பாங்க?"

பேராசிரியை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூறு மேடையில் அந்தப் பாட்டுக்குப் பேட் வாசித்திருக்கிறேன். டவர் என்ற சொல் அதில் இருப்பது எனக்குத் தெரியும். அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. மலை என்றதும் பழசு என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

"எப்படி வெளியில போச்சு?" என்று கேட்டேன்.

"எங்க மாமா மவன் வெள்ளிமலையில ஜீப்பு ஓட்டுறாரு. போன்ல பாடி அவருக்கு அனுப்பினேன். அவரு ஜீப்புல போட்டுக்கினே இருந்தாரு."

ராஜேந்திரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். ஆனால் எழவில்லை.

பவித்ரா இப்போது பேராசிரியையிடம் பேசவில்லை. நேராக அவனிடம் பேசினாள். "நீங்க நடுவரா வரீங்கன்னு போஸ்டர்ல பார்த்துதான் சார் பேரு குடுத்தேன். எனக்குப் பரிசு வாணாம். மைக்குல இத நாட்டுப்புறப் பாட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொல்லிட்டா அது யாருதும் இல்லன்னு ஆயிடும்."

"அப்படி ஆனா என்னம்மா? ஊரே பாடுது, அது பெருமைதானே?" என்றார் பேராசிரியை. மென்மையாகத்தான் கேட்டார்.

அவள் சொன்னது இதுதான். அவள் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். பாறை மேல் ஏறி நின்று அவள் போனில் பேசியது அந்த அம்மாவோடுதான். பாட்டு அப்படி வந்ததுதான். ஒரு நாள் கம்பெனி வேனில் எங்கள் பதிவு ஓடியிருக்கிறது. அம்மா சந்தோஷமாக, "இது எம் பொண்ணு கட்டின பாட்டு" என்று சொல்லியிருக்கிறார். வேனில் இருந்தவர்கள் போனை எடுத்துத் தலைப்பைக் காட்டியிருக்கிறார்கள். பாரம்பரியப் பாட்டு என்று போட்டிருக்கிறதே என்று சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அம்மா வேனில் யாரோடும் பேசுவதில்லையாம்.

"அதுகூடப் பரவால்லீங்க" என்றாள் பவித்ரா. அதுவரை சீராக இருந்த குரல் அந்த இடத்தில்தான் கொஞ்சம் தடுக்கியது. "அன்னிக்கு சாயங்காலம் அம்மாவே போன் பண்ணி, நெசமாவே நீதான் எழுதினியாடின்னு கேட்டாங்க."

கல்லூரி பஸ்ஸின் நிழலில்

அவள் போன பிறகு ராஜேந்திரன் எழுந்து வெளியே நடந்தான். பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் அவன் பின்னால் போனேன்.

வரிசையாக நின்ற கல்லூரி பஸ்களின் நிழலில் அவன் நின்றுகொண்டிருந்தான். டீசல் வாடை. தரையில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைச் செருப்பால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த ஜீப்புலதான்டா கேட்டேன்" என்றான். "வெள்ளிமலைக்கு ஒரு காதுகுத்துக்குப் போனோமே, நீகூட ஜுரம்னு வரல. டிரைவர் இதப் போட்டுக்கினு வந்தான். யாரு பாட்டுப்பான்னு கேட்டேன். எங்க மலைப் பாட்டு சார்னு சொன்னான். அவ்ளோதான். நான் திருடலடா."

"நீ திருடினன்னு யாரு சொன்னா?"

"எங்க மலைப் பாட்டுன்னா நான் இன்னான்னு எடுத்துக்கிறது?"

அந்த டிரைவர் பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். தன் அத்தை மகள் கட்டிய பாட்டை ஊர்ப் பாட்டு என்றார். ராஜேந்திரன் அதைக் கேட்டுக்கொண்ட விதம் வேறு. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பெயர் கிடைத்திருக்கும்; கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பிறகு அவன் வேறு குரலில் பேசினான். "இருவது வருசமா எத்தன மெட்டு போட்டேன் ஜமீலு? ஒண்ணு ஓடிச்சா? ஓடினது இது ஒண்ணுதான். கார்டு போட்டு, பேஸ் போட்டு, நடுவுல அந்தக் குழலு பிட்டு போட்டு, எம் பாட்டு மாதிரியே ஆயிடுச்சுடா. இப்ப இதுவும் இல்லன்னா..."

அந்தக் குழல் துண்டை மாவு மில் மாடியில் அவன் எத்தனை தடவை மாற்றி மாற்றிப் போட்டான் என்பது எனக்குத் தெரியும். அது உண்மையிலேயே அழகான துண்டு.

"உள்ள வா. மார்க் போடணும்" என்றேன்.

"நீங்களே போடுங்க. எனக்குத் தலைவலி." தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனோடுதான் நான் வந்திருந்தேன். திரும்பும்போது டவுன் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு தடவை

மீதியிருந்த இரண்டு பேரும் முடிவு செய்தோம். இன்னார் செய்தது என்று ஆள் இருக்க வேண்டும் என்பது பேராசிரியையின் அளவுகோல். ஆள் எதிரிலேயே நின்றாள். ஜனங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்பதும் அவர் முதலில் சொன்னதுதான். அதற்கு அரங்கமே சாட்சி. பாப் என்றே எடுத்துக்கொண்டோம்.

முதல் பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஜாக்கெட் போட்ட பையன் நிஜமாகவே நன்றாகப் பாடினான், முறையாகக் கற்றவன். பவித்ராவுக்கு நீளமான வரிகளில் மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்ணில் அவள் இரண்டாவதாக வந்தாள். இரக்கப்பட்டு மாற்றினால் அது வேறு விதமான அவமானம் என்று பேராசிரியை சொன்னார். எனக்கும் அது சரியென்று பட்டது.

பேராசிரியை மேடையேறி அறிவித்தார். "பாப் பாடல் பிரிவில் இரண்டாம் பரிசு. பாடல், மெட்டு, குரல் மூன்றும் பவித்ரா, வெள்ளிமலை."

கைத்தட்டல். பவித்ரா மேடைக்கு வந்தாள். பரிசுக் கோப்பையை வாங்குவதற்கு முன் பேராசிரியையின் காதில் ஏதோ சொன்னாள். அவர் திகைத்து, பிறகு கீழே பார்த்தார். முன் வரிசையில் பவித்ராவின் தோழி ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தபடி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். வீடியோ எடுக்கும்போது யாரோ குறுக்கே போய்விட்டார்கள்.

பேராசிரியை தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் தடவை சொன்னதைவிட நிறுத்தி நிதானமாக, மறுபடியும் முழுதாகச் சொன்னார். பாடல். மெட்டு. குரல். ஊர்ப் பெயரோடு.

கச்சிராயபாளையத்தில் ஒரு தகராறு

அதற்குப் பிறகு ராஜேந்திரன் என்னோடு சண்டை போடவில்லை. பேசினான், வாசித்தான், வேனில் ஒன்றாகத்தான் போனோம். ஆனால் டவர் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். இணையத்திலிருந்தும் எடுத்துவிட்டான். கேட்பவர்களிடம், "அது இப்ப இல்லீங்க" என்பான். ஏன் என்று சொல்ல மாட்டான். எங்கள் பாடகிக்கு அவன் மேல் ஏகக் கோபம். அவளுக்கும் கைத்தட்டல் வாங்கிக் கொடுத்த பாட்டு அது ஒன்றுதான்.

ஒரு தை மாதம் கச்சிராயபாளையத்தில் கல்யாணம், அவன் சொந்த ஊர். பெண் வீட்டார் விடவில்லை. "டவரு பாட்டு! டவரு பாட்டு!" என்று சின்னப் பிள்ளைகள் மேடையைத் தட்டுகிறார்கள். அவன் தலையாட்டி மறுக்க, பெண்ணின் சித்தப்பா மேடையேறிவிட்டார். "அந்தப் பாட்டுக்காகத்தான்யா உங்கள வெச்சதே. இன்னா வெளாடுறீங்களா?"

ராஜேந்திரன் பாடகியிடமிருந்து மைக்கை வாங்கினான். மைக்கில் அவன் பேசுவதே இல்லை, கூச்சம். "அந்தப் பாட்டு எங்களுது இல்லீங்க. வெள்ளிமலையில பவித்ரான்னு ஒரு பொண்ணு எழுதினது. அவங்கள கேக்காம நாங்க பாட முடியாது" என்றான்.

பந்திப் பக்கமிருந்து யாரோ ஒருவர், "கேட்டுக்கினு வாய்யா, யாரு வாணாம்னா? இங்க இருந்து பஸ்ஸு போவுதுல்ல!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ராஜேந்திரனும் சிரித்தான், கல்லூரிக்குப் போய் வந்ததிலிருந்து அவன் மனம்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மறு வாரம் இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

வெள்ளிமலை

மலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு. வளைவுகளில் மிளகு மூட்டை என் காலில் வந்து சாய்ந்துகொண்டே இருந்தது. ராஜேந்திரன் போகிற வழியெல்லாம், போய் என்ன சொல்வது என்று என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தடவையும் அது நீண்டுகொண்டே போனது.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஜீப் ஸ்டாண்டில் கேட்டதும் காட்டினார்கள். வாசலில் மரவள்ளிக் கிழங்கைக் கொட்டி வைத்திருந்தார்கள். பவித்ரா படிப்பு முடித்து வீட்டில் இருந்தாள். அவள் அம்மா ஊர்த் திருவிழாவுக்காகத் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனுஷி, என்னைவிடச் சின்ன வயதுதான் இருக்கும்.

ராஜேந்திரன் ஒத்திகை பார்த்ததில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. "நான்தாங்க அந்தப் பாட்ட தலைப்பு மாத்திப் போட்டவன்" என்றான்.

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அது? உக்காருங்க" என்றார். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "வேன்ல இருக்கறவங்களுக்குக் காலேஜ்ல எடுத்த அந்த வீடியோவக் காட்டினேன். இப்பல்லாம் என்ன பாட்டுக்காரி அம்மான்னுதான் கூப்புடுறாங்க." சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். "மொதல்ல நானே நம்பலீங்க. அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

பவித்ரா அம்மாவின் தோளில் ஒட்டியிருந்த கிழங்கு மண்ணைத் தட்டிவிட்டாள்.

மேடையில் பாட அனுமதி கேட்டோம். பெயரைச் சொல்லிவிட்டுப் பாடலாம் என்றாள். தலைப்பை மாற்றிப் பழைய பதிவையே மறுபடி ஏற்றலாமா என்று ராஜேந்திரன் கேட்டபோதுதான் தயங்கினாள்.

"வாணாம் சார்."

"ஏம்மா? நல்லா இல்லியா?"

"நடுவுல வர்ற குழலு ரொம்ப நல்லா இருக்கு சார். அத நான் நெறைய தடவ கேட்டிருக்கேன். ஆனா அந்த அக்கா சிரிச்சுக்கினே பாடுறாங்க. கேக்கறவங்க ஆடட்டும், வாணாங்கல. பாடறவங்க சிரிக்கக் கூடாது சார், இந்தப் பாட்டுக்கு."

ராஜேந்திரன் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவனுடைய இசையைப் பற்றி இருபது வருடத்தில் யாரும் அவனிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. நான் உள்பட.

"அப்ப நீ வந்து பாடு" என்றான். "நான் வாசிக்கிறேன். குழலு அப்படியே இருக்கட்டும். பேரு நீ சொல்ற மாதிரி போட்டுக்கலாம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "போய்ட்டு வா. நானும் வரேன்" என்றார்.

சாயங்கால பஸ்ஸில் இறங்கினோம். கூட்டம் கம்மி. ராஜேந்திரன் வாயே திறக்கவில்லை. அவன் மனது என்ன பாடு படுகிறதோ என்று நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. டிரைவர் கியரை மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கீழே கோமுகி அணையின் தண்ணீர் தெரிகிற வளைவில் அவன் என் முழங்காலில் தட்டினான்.

"ஜமீலு, அந்தப் பொண்ணு கொரலுக்குச் சுருதிய ஒரு கட்ட கம்மி பண்ணணும்டா" என்றான். "அப்ப குழலு பிட்ட முழுசா மாத்தி வாசிக்கணும்."